ரோமன் டோட்டன்பெர்க்: வார்சாவில் முளைத்து பாஸ்டனில் வேர்பிடித்த வயலின் மரபு

புரட்சிக்குப் பிந்தைய மாஸ்கோவில் காசுக்கு மதிப்பில்லை, ரொட்டிக்குத்தான் மதிப்பு. பஞ்சம் தலைவிரித்தாடிய அந்த நாட்களில், பள்ளி வயதுப் பையன் ஒருவன் ஊர் மக்கள் முன் வயலின் வாசித்து, அதற்குக் கூலியாகக் கிடைத்த ரொட்டியையும் சர்க்கரையையும் வீட்டுக்கு எடுத்துப் போனான். வீட்டில் அடுப்பெரிய அது உதவியது. அவன் பெயர் ரோமன் டோட்டன்பெர்க். அதற்கப்புறம் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அவர் வயலினைக் கீழே வைக்கவில்லை. 2012 மே மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தம் 101ஆவது வயதில் இறக்கும்வரை மாணவர்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள்.

இன்று அவர் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது களவுபோன ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலினின் (சுருக்கமாக ஸ்ட்ராட்; இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி கையால் செய்த பழைய வயலின்) கதைதான். 35 ஆண்டுகள் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த வயலின் அது. நல்ல கதைதான், பின்னால் அதற்கும் வருகிறேன். ஆனால் அந்த ஒரு செய்தியோடு அவரை நிறுத்திவிட்டால் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போகும். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் போலந்து உலகுக்குத் தந்த வயலின் கலைஞர்களின் வரிசையைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் போலந்தில் நிலைக்க முடியாமல் சிதறிப்போனார்கள். போன இடங்களில் அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மேடையும் விருதுகளும் வயலினும் டோட்டன்பெர்க் வாழ்க்கையில் வந்து போயின. அறுபட்டுப் போயிருக்க வேண்டிய ஒரு மரபை வேறொரு மண்ணில் ஆசிரியராக இருந்து நட்டு வளர்த்ததுதான் அவருடைய முக்கிய வேலை என்பது என் கருத்து.

வூச், மாஸ்கோ, வார்சா

அவர் பிறந்தது 1911 ஜனவரி 1 அன்று, வூச் நகரில். நெசவாலைகள் நிறைந்த ஊர். அப்போது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்தில் கிடையாது, வூச் ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைனும் அதே ஊர்க்காரர்தான், 24 ஆண்டு மூத்தவர். டோட்டன்பெர்க்கின் தந்தை கட்டடத் தொழிலில் இருந்தவர். வேலை அவரை மாஸ்கோவுக்கு இழுத்தது, 1914இல் குடும்பமும் கூடப் போனது. அங்கே பக்கத்து வீட்டில் இருந்தவர் போல்ஷோய் அரங்கத்தின் இசைக்குழுவில் முதன்மை வயலின் கலைஞர். பையனின் முதல் ஆசிரியர் அவர்தான். அவர் வேறொரு தெருவில் குடியிருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

1921இல் குடும்பம் வார்சாவுக்குத் திரும்பியது. அதற்குள் போலந்து மறுபடி ஒரு நாடாகியிருந்தது. பதினோரு வயதில் வார்சா பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு டோட்டன்பெர்க் மேடையேறினார். வார்சாவில் அவருக்குக் கிடைத்த குரு மியெச்சிஸ்வாவ் மிஹாவோவிச். நம்மில் பலர் கேள்விப்படாத பெயர். ஆனால் புகழ்பெற்ற வயலின் கலைஞர் பிரோனிஸ்வாவ் ஹூபர்மன் சின்னப் பையனாக இருந்தபோது அவரிடம் படித்திருக்கிறார், ஈடா ஹெண்டலும் படித்திருக்கிறார். ஒரே ஊரில் ஒரே ஆசிரியரிடம் இப்படி மூன்று தலைமுறைக் கலைஞர்கள் உருவானது தற்செயலாக நடந்ததல்ல.

போலந்தில் வயலின் அவ்வளவு ஆழமாக ஊன்றியதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் ஹென்ரிக் வியெனியாவ்ஸ்கி. 1835இல் லுப்ளினில் பிறந்து, பாரிசில் படித்து, உலகமெல்லாம் சுற்றி வாசித்தவர். அவர் எழுதிய இரண்டாம் கன்செர்ட்டோவை (தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு) இன்றும் வயலின் மாணவர்கள் தாண்டாமல் போக முடியாது. அவரும் ஆசிரியராக இருந்தவர்தான். 1860களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) கற்பித்தார், பிறகு பிரஸ்ஸல்ஸில் கற்பித்தார். பெல்ஜியத்தின் வயலின் மேதை யூஜின் இசாயி அவரிடம் படித்தவர். பீட்டர்ஸ்பர்க்கில் அவர் விட்ட இடத்துக்கு வந்தவர் லியோபோல்ட் ஆவெர் (Auer). ரஷ்ய வயலின் மரபு என்று நாம் பெருமையாகப் பேசுவதன் தொடக்கத்திலேயே ஒரு போலந்துக்காரர் நிற்கிறார்.

இரண்டாவது காரணம் வாழ்க்கை நெருக்கடி. ஜார் ஆட்சிக்காலத்தில் யூதர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்று சட்டமே இருந்தது. கன்சர்வேட்டரியில் இடம் கிடைத்த பிள்ளைக்கு அந்தத் தடைகளில் சில தளர்ந்தன. வயலின் என்றால் சின்னப் பெட்டிக்குள் அடங்கும், எங்கே ஓட வேண்டியிருந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடலாம். பிள்ளை கையில் வயலினைக் கொடுத்த பல யூதப் பெற்றோருக்கு அது இசை ஆசையாகவும் இருந்தது, பிழைக்கும் வழியாகவும் இருந்தது. ஹூபர்மன், ஷிமோன் கோல்ட்பெர்க், ஹென்ரிக் ஷெரிங், ஈடா ஹெண்டல், டோட்டன்பெர்க் எல்லோருமே யூதக் குடும்பத்துப் பிள்ளைகள்.

1935இல் வார்சாவில் வியெனியாவ்ஸ்கி பெயரில் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. பாரிசிலிருந்து வந்த பதினைந்து வயது ஜினெட் நெவூ முதல் பரிசைத் தட்டிச் சென்றார். சோவியத் நாட்டிலிருந்து வந்த டேவிட் ஓய்ஸ்ட்ராக்குக்கு இரண்டாம் பரிசுதான். அப்போது வார்சா அப்படி ஓர் ஊராக இருந்தது. நான்கே ஆண்டுகளில் அது என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு குருமார்கள்

வார்சாவில் தங்கப் பதக்கத்தோடு படிப்பை முடித்த டோட்டன்பெர்க், பெர்லினுக்குப் போய் கார்ல் ஃபிளெஷிடம் சேர்ந்தார். ஃபிளெஷ் ஹங்கேரியில் பிறந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வயலின் கற்பிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றே பேச்சு. போலந்திலிருந்து வந்த கோல்ட்பெர்க், ஷெரிங், ஹெண்டல், அப்புறம் நெவூ, எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். அவரை எல்லோரும் ஏன் தேடிப் போனார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டோட்டன்பெர்க் பின்னாளில் எப்படிக் கற்பித்தார் என்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஃபிளெஷுக்கு முந்தைய ஆசிரியர்களில் பலர், குரு வாசிப்பதைப் பார்த்து மாணவன் வாசிக்க வேண்டும் என்ற வழியில் போனவர்கள். ஃபிளெஷ் அதை மாற்றினார். தவறு எங்கே வருகிறது, எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். விரல் விழும் கோணமா, வில்லின் வேகமா, தந்தியில் வில் படும் இடமா, தோள் இறுக்கமா? வைத்தியர் நோயைக் கண்டறிவது மாதிரி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய்க் காரணத்தைப் பிடிப்பது அவர் வழி. 1926இல் வெளியான அவருடைய ஸ்கேல் (சுர வரிசை) பயிற்சி நூல் இன்றும் உலகம் முழுக்க வயலின் மாணவர்களின் நோட்டுத் தாங்கியில் இருக்கிறது. ஒவ்வொரு சுருதிக்கும் ஒரே தந்தியில் ஏறி இறங்கும் வரிசை, மூன்று ஸ்தாயிகளுக்கு நீளும் வரிசை, இரண்டு தந்திகளை ஒன்றாக அழுத்தி மூன்றாம், ஆறாம், எட்டாம், பத்தாம் இடைவெளிகளில் வாசிக்கும் வரிசை என்று அது போய்க்கொண்டே இருக்கும். இருபத்து நான்கு ஸ்கேல்களுக்கும் இதையே செய்ய வேண்டும். வறட்டு வேலை மாதிரித் தோன்றும். ஆனால் ஒழுங்காகச் செய்பவருக்கு விரல்பலகையில் தெரியாத மூலை என்று எதுவும் மிஞ்சாது.

அவருடைய வகுப்பு நடந்த முறையும் முக்கியம். ஒரு மாணவர் வாசிக்கும்போது மற்ற மாணவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். இன்னொருவர் தவறைத் திருத்துவதைப் பார்த்தும் படிக்கலாம் என்பது ஃபிளெஷின் கணக்கு. சக மாணவர்கள் எல்லோருமே அபாரமான திறமைசாலிகள் என்னும்போது அந்த அறையில் எழுந்து நின்று வாசிக்கவே தைரியம் வேண்டும்.

1932இல் பெர்லினில் மெண்டல்சோன் பரிசு டோட்டன்பெர்க்குக்குக் கிடைத்தது. ஜெர்மனியின் இளம் இசைக் கலைஞர்களுக்குப் பெரிய அங்கீகாரம் அது. இசையமைப்பாளர் மெண்டல்சோன் யூத வம்சத்தில் வந்தவர், பரிசை வாங்கியவரும் யூதர். சில மாதங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். ஃபிளெஷே 1934இல் ஜெர்மனியை விட்டு லண்டனுக்குப் போக நேர்ந்தது. பெர்லின் பில்ஹார்மோனிக்கில் முதன்மை வயலின் கலைஞராக இருந்த கோல்ட்பெர்க்கும் அதே ஆண்டு வெளியேறினார்.

டோட்டன்பெர்க் பாரிசுக்குப் போனார். அங்கே கிடைத்த குரு ருமேனியாவின் ஜார்ஜ் எனெஸ்கு. ஃபிளெஷுக்கும் எனெஸ்குவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். இருவருமே மலைகள்தான், நின்ற இடம்தான் வேறு. எனெஸ்கு வயலின் கலைஞர் மட்டுமல்ல, இசையமைப்பாளர், பியானோ வாசிப்பவர், இசைக்குழுவை நடத்துபவர். பாக் எழுதிய படைப்புகளை நினைவிலிருந்தே வாசிப்பார். மாணவர் வயலின் வாசிக்க, பியானோவில் உட்கார்ந்து இசைக்குழுவின் பகுதி முழுவதையும் தானே வாசித்துக் காட்டுவார். வயலின் வரியை மட்டும் பார்க்காதே, அடியில் ஓடும் ஹார்மனியை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) கேள், அதற்குப் பிறகு விரலை முடிவு செய் என்பது அவர் பாடம். வயலின் மேதை யெஹூதி மெனூஹின் வாழ்நாள் முழுவதும் குருவாகக் கொண்டாடியது எனெஸ்குவைத்தான்.

இந்த இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தது அரிது. ஃபிளெஷிடம் மட்டும் படித்துவிட்டுக் கை சுத்தமாகவும் இசை வறண்டும் நின்றவர்கள் உண்டு. எனெஸ்குவின் கவித்துவத்தில் மயங்கிக் கைப்பயிற்சியைக் கோட்டை விட்டவர்களும் இருந்திருப்பார்கள். டோட்டன்பெர்க் இரண்டையும் வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து வயதுக்குள் அவர் கையில் இருந்த இந்தச் சேர்க்கைதான் பின்னாளில் அமெரிக்க மாணவர்களுக்கு அவர் கொடுத்த சொத்து.

மேடை வாழ்க்கையும் அந்த ஆண்டுகளில்தான் உச்சத்துக்கு ஏறியது. போலந்தின் பெரிய இசையமைப்பாளர் கரோல் ஷிமனோவ்ஸ்கி 1937இல் இறந்தார். அதற்கு முன் அவரோடு சேர்ந்து மேடைகளில் வாசிக்கும் வாய்ப்பு டோட்டன்பெர்க்குக்குக் கிடைத்தது. வயலினின் மேல் சுரங்களில் புகை மாதிரி மிதக்கும் ஒரு நாதத்தை ஷிமனோவ்ஸ்கி கண்டுபிடித்திருந்தார். அதை அவர் பியானோவில் இருக்க, பக்கத்தில் நின்று வாசிப்பது என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம். 1937இலேயே ரூபின்ஸ்டைனோடு தென்னமெரிக்கப் பயணம். ஒரே ஊரில் பிறந்த இருவரும் பூமியின் மறுபக்கத்தில் ஒரே மேடையில் இருந்தார்கள்.

அமெரிக்கா

1935இல் வாஷிங்டனில், நேஷனல் சிம்பொனி இசைக்குழுவோடு அவர் முதல் அமெரிக்கக் கச்சேரி செய்தார். அந்தக் காலத்தில் வெள்ளை மாளிகையிலும் வாசித்தார். அதற்கு முன்பு இத்தாலிய மன்னர் முன் வாசித்தபோது கடைப்பிடிக்க வேண்டியிருந்த அரண்மனைச் சம்பிரதாயங்களையும், ரூஸ்வெல்ட் வீட்டில் விருந்தாளியை நடத்திய எளிமையையும் அவர் ஒப்பிட்டுப் பேசுவார். வாழ்ந்தால் இந்த நாட்டில் வாழ வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. 1938இல் அமெரிக்காவிலேயே குடியேறினார்.

குடியேற்றம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அடுத்த ஆண்டே போலந்து விழுந்தது. போர் தொடங்கிய பிறகு அம்மாவை எப்படியோ ஐரோப்பாவிலிருந்து மீட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். சகோதரியை அப்படி மீட்க முடியவில்லை. அவருடைய சகோதரி, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் அகப்பட்டார், கணவரை இழந்தார், மகளோடு உயிர் தப்பியதே பெரிய காரியம். அந்தக் காலகட்டத்தில் நியூயார்க்கில் மேடையேறி வாசித்துக்கொண்டிருந்த மனிதர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

அவரைப் போலவே தப்பிய மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால்தான் நான் முன்பு சொன்ன சிதறல் புரியும். ஷெரிங் போர்க்காலத்தில் போலந்து அரசுக்கு உதவி செய்யப் போய் மெக்சிகோவை அடைந்தார். அந்நாட்டின் குடிமகனாகி, அங்கே வயலின் கல்வியைக் கட்டியெழுப்பினார். கோல்ட்பெர்க் ஜாவாவில் கச்சேரி செய்யப் போன இடத்தில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, போர் முடிந்துதான் வெளியே வந்தார். பிறகு அமெரிக்காவில் ஆசிரியரானார். ஹெண்டல் லண்டனில் வளர்ந்தார். ஹூபர்மன் 1936இலேயே ஐரோப்பாவின் யூதக் கலைஞர்களைத் திரட்டி டெல் அவிவில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கிவைத்தார், முதல் கச்சேரியை நடத்திக் கொடுத்தவர் இத்தாலிய இசைக்குழு நடத்துநர் டோஸ்கானினி. வார்சாவில் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டிய ஆசிரியர்கள் இப்படி மூன்று கண்டங்களுக்குப் போனார்கள். போலந்துக்கு இது ஈடு செய்ய முடியாத இழப்பு. மெக்சிகோ மாணவருக்கும் பாஸ்டன் மாணவருக்கும் வீடு தேடி வந்த வரம்.

அமெரிக்காவில் டோட்டன்பெர்க் வகித்த பதவிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கில் ஒரு செவ்வியல் இசை வானொலியில் சேம்பர் இசைப் (சிறு குழுவாக வாசிக்கும் இசை) பொறுப்பு, பால்டிமோரில் பீபடி கன்சர்வேட்டரி, கலிபோர்னியாவில் மியூசிக் அகாடமி ஆஃப் தி வெஸ்ட், நியூயார்க்கில் மேன்ஸ் இசைப்பள்ளி. 1961இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தந்தி வாத்தியத் துறைத் தலைவரானார். 1978 முதல் 1985 வரை கேம்பிரிட்ஜ் நகரில் லாங்கி இசைப்பள்ளியின் இயக்குநர். கோடை வந்தால் மெய்ன் மாநிலத்தில் நீசல் ஹால் முகாம். இதற்கிடையில் கச்சேரிகளும் நிற்கவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் கன்செர்ட்டோவைத் திருத்திய வடிவில் வாசித்தார், போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கியின் கப்ரீச்சோ போன்ற, அந்நாளில் காது பழகாத புதிய படைப்புகளையும் கேட்பவர்களிடம் கொண்டுபோனார். போலந்தில் ஷிமனோவ்ஸ்கியோடு பழகியவருக்கு உயிரோடு இருக்கும் இசையமைப்பாளரின் புதுப் படைப்பை வாசிப்பது அன்றாட வேலை மாதிரிதான்.

வகுப்பறையில்

அவரிடம் படித்தவர்களில் இகுகோ மிசுனோ ஜப்பானிலிருந்து வந்தவர். 1969இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் வயலின் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். மீரா வாங் சீனாவிலிருந்து வந்தவர், பின்னால் தனிக்கச்சேரிக் கலைஞரானார். யெவ்கெனி குடிக் மின்ஸ்கில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்கு அகதியாக வந்தவர். இந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: அகதியாக வந்த ஒருவரின் வகுப்பு, எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் வகுப்பாக ஆகியிருக்கிறது. அமெரிக்கத் தந்தி வாத்திய ஆசிரியர்கள் சங்கம் 1983இல் அவரை ஆண்டின் சிறந்த கலைஞர்-ஆசிரியர் என்று கௌரவித்தது.

அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பதற்கு, அவருடைய மகள் நீனா டோட்டன்பெர்க் சொன்ன ஒரு நிகழ்ச்சி போதும். (நீனா அமெரிக்கப் பொது வானொலியில் உச்ச நீதிமன்றச் செய்திகளைத் தருபவர், அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த குரல். இன்னொரு மகள் ஏமி மத்திய அரசின் நீதிபதி.) தந்தை கடைசிப் படுக்கையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பழைய மாணவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்தார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு முன்னாள் மாணவி, படுக்கை அருகே நின்று வாசித்தார். முடித்ததும் அவர் அருகே குனிந்தார். பேசத் தெம்பில்லாத நிலையிலும் டோட்டன்பெர்க் மெதுவாகச் சொன்னது, டி சுரம் இறங்கியிருந்தது என்பதைத்தான்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வயலினின் நான்கு தந்திகளில் ஒன்று டி. வேறு தந்தியில், வேறு இடத்தில் விரல் வைத்து டி சுரத்தை வாசித்தாலும், சுருதி சரியாக விழுந்தால் தொடாமல் இருக்கும் அந்த டி தந்தி தானாக அதிர்ந்து கூடப் பாடும். நாதம் சட்டென்று விரியும். மயிரிழை இறங்கினாலும் அந்தத் துணை ஒலி கிடைக்காது, சுரம் மங்கிப்போகும். எல்லா சுரத்துக்கும் இந்த வசதி கிடையாது. ஜி, டி, ஏ, ஈ ஆகிய நான்கும் வாத்தியமே நமக்குத் தரும் சாட்சிகள். ஃபிளெஷின் வகுப்பில் ஊறிய காதுக்கு அந்த மங்கல் நொடியில் பிடிபடும். 101 வயதிலும், மரணப் படுக்கையிலும் அது பிடிபட்டது. அதைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை என்பதை மாணவியின் மேல் வைத்த மரியாதையாகவே நான் பார்க்கிறேன். நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லிவிடலாம், ஆசிரியர் சொல்ல வேண்டியது வேறு.

களவுபோன ஸ்ட்ராட்

சரி, அந்த வயலினுக்கு வருவோம். இத்தாலியின் கிரெமோனா ஊரில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1734இல் செய்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. முன்னாள் உரிமையாளர் ஒருவரின் பெயரால் ஏம்ஸ் ஸ்ட்ராட் என்று அழைக்கப்பட்டது. டோட்டன்பெர்க் அதை 1943இல் 15,000 டாலருக்கு வாங்கினார். அந்தக் காலத்தில், அண்மையில் குடியேறிய ஒரு கலைஞருக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

1980 மே மாதம், லாங்கி இசைப்பள்ளியில் கச்சேரி முடிந்து, வந்தவர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வயலின் அவர் அறையிலிருந்து காணாமல் போனது. அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஓர் இளம் வயலின் கலைஞன்மீது அவருக்கு அப்போதே சந்தேகம். ஆனால் அவன் வீட்டைச் சோதனை போடும் அளவுக்குக் காவல்துறை கையில் ஆதாரம் இல்லை. டோட்டன்பெர்க்கின் மனைவி மெலனி கொதித்துப் போய், உள்ளே புகுந்து தேட யாராவது ஆள் கிடைப்பார்களா என்று நண்பர்களிடம் விசாரிக்கும் அளவுக்குப் போனாராம்.

திருட்டின் விலையைப் பணத்தில் மட்டும் கணக்கிட்டால் பாதிதான் தெரியும். ஏறத்தாழ 38 ஆண்டு கூடவே இருந்த இசைத்துணையை இழந்துவிட்டேன் என்றுதான் அவர் சொன்னார். இன்ஷூரன்ஸ் பணத்தில் பிறகு ஒரு குவார்னெரி வயலின் வாங்கினார், இத்தாலியின் இன்னொரு பழைய வயலின் குடும்பத்தின் பெயர் அது, அதுவும் உயர்ந்த ரகம்தான். ஆனாலும் தாம் வாசித்துவந்த அத்தனை படைப்புகளுக்கும் விரல் அமைப்பைப் புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று. வயலினில் ஒரே சுரத்தை இரண்டு, மூன்று தந்திகளில் வாசிக்கலாம். எந்தத் தந்தியில், எந்த விரலால் வாசித்தால் இந்த இடத்தில் நாதம் திரளும் என்பது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். ஒன்றில் ஜி தந்தியின் மேல்பகுதி கணீரென்று பேசும், இன்னொன்றில் அதே இடம் அடைத்துக்கொள்ளும். ஐம்பது ஆண்டு மேடையில் சேர்த்த முடிவுகளை எழுபது வயதில் ஒருவர் ஒவ்வொன்றாக மறுபடி எடுப்பது என்றால், அந்த உழைப்பை எண்ணிப் பாருங்கள். வகுப்புகளை அவர் நிறுத்தவில்லை. கச்சேரிகளையும் நிறுத்தவில்லை, தொண்ணூறைத் தாண்டியும் பொதுமேடையில் வாசித்தார்.

சந்தேகத்துக்கு ஆளானவர் 2011இல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அவருடைய முன்னாள் மனைவி வீட்டிலிருந்த ஒரு பூட்டிய பெட்டியை உடைத்துத் திறந்தார். உள்ளே ஸ்ட்ராடிவாரி சீட்டு ஒட்டிய வயலின். அந்தச் சீட்டை மட்டும் நம்பிவிட முடியாது, ஆலையில் செய்த மலிவு வயலின்களிலும் அதே பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கும். அவர் ஒரு வயலின் மதிப்பீட்டாளரை அணுகினார். உண்மையான ஸ்ட்ராட்கள் ஒவ்வொன்றும் படத்தோடும் அளவோடும் பதிவானவை. முன்பலகையின் மர ரேகை, பின்பலகையின் வரி, பழைய ஒட்டு, கீறல் எல்லாம் கைரேகை மாதிரி மாறாதவை. திருடியவரால் அதை விற்கவும் முடியாது, பெயர் பெற்ற பட்டறையில் பழுதுபார்க்கக் கொடுக்கவும் முடியாது. மதிப்பீட்டாளர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார், எஃப்.பி.ஐ.க்குத் தகவல் போனது. 2015 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் மூன்று மகள்களிடம் வயலின் ஒப்படைக்கப்பட்டது. தந்தை இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அன்று வாங்கிய இன்ஷூரன்ஸ் தொகை 1,01,000 டாலரைக் குடும்பம் திருப்பிக் கட்டியது.

இதே மாதிரி ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு. 1936 பிப்ரவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில் ஹூபர்மன் வேறொரு வயலினில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அறையில் இருந்த அவருடைய 1713ஆம் ஆண்டு கிப்சன் ஸ்ட்ராட் களவுபோனது. எடுத்தவர் ஒரு வயலின் கலைஞர். ஐம்பது ஆண்டுகளை ஒட்டி அதைத் தன்னிடமே வைத்து வாசித்து, சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். ஹூபர்மன் 1947இலேயே போய்ச்சேர்ந்துவிட்டார், வயலின் மீண்டது 1980களில். இன்று அதை வாசிப்பவர் அமெரிக்க வயலின் கலைஞர் ஜோஷுவா பெல். மிஹாவோவிச்சிடம் படித்த இருவர், இரண்டு ஸ்ட்ராட்கள், இரண்டையும் எடுத்தது இசை உலகத்து ஆட்களே, இரண்டும் உரியவர் கண்ணை மூடிய பிறகே கிடைத்தன. நாட்டையும் உறவையும் இழந்த தலைமுறைக்கு இதுவும் நேர்ந்தது.

ஏம்ஸ் வயலினைச் செப்பனிட ஓராண்டுக்கு மேல் ஆனது. பல ஆண்டுகள் தேர்ந்த கை எதுவும் பராமரிக்காத வாத்தியம், அவசரப்படுத்த முடியாது. 2017இல் அதை முதலில் கேட்பவர்கள் முன் வாசித்தவர் மீரா வாங். அவரைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்பேன். டோட்டன்பெர்க்கின் கைகளிலிருந்து நேரடியாகப் படித்த ஒருவர்தான் அந்த வயலின் திரும்பி வந்ததை நாதமாகச் சொல்ல முடியும். வயலினை விற்கும்போது மகள்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள்: யாரோ ஒரு செல்வந்தரின் பெட்டகத்தில் அது தூங்கக் கூடாது, வாசிக்கப்பட வேண்டும். வாங்கியவர் பெயரை வெளியிடவில்லை. 2018இல் அது நீண்ட காலக் கடனாக நேதன் மெல்ட்ஸர் என்ற பதினெட்டு வயது மாணவரிடம் வந்தது. அப்போது நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் அவருக்கு ஆசிரியர் வயலின் மேதை இட்ஸாக் பெர்ல்மன். டெல் அவிவில் பிறந்த பெர்ல்மனின் அப்பாவும் அம்மாவும் போலந்திலிருந்து புறப்பட்டுப் போனவர்கள்.